பெங்களூரில் ஒரு தமிழ் இசை இதழ்: பெயர் வைப்பதிலிருந்து நூலகத்தில் சேர்ப்பது வரை முழு வழிகாட்டி

பெங்களூரில் தமிழ்ப் பாட்டு கேட்காத வாரம் கிடையாது. ஆடி மாதம் வந்தால் அல்சூர், ஸ்ரீராமபுரம், மர்ஃபி டவுன் பக்கம் அம்மன் கோயில் மேடைகளில் மெல்லிசைக் குழுக்கள். செப்டம்பரில் சிவாஜிநகர் மாதா கோயில் திருவிழாவுக்குத் தமிழ்ப் பாடகர் குழுக்கள். ராமநவமிக்கு, சாமராஜப்பேட்டை கோட்டை உயர்நிலைப் பள்ளி மைதானத்தில், 1939 முதல் ஸ்ரீராமசேவா மண்டலி நடத்திவரும் கச்சேரிகள். இந்திராநகர், கோரமங்களா பக்கம் ஐடி வேலை முடிந்ததும் கிதாரைத் தூக்கிக்கொண்டு ஓடும் பிள்ளைகள் சொந்தமாகத் தமிழ்ப் பாட்டு எழுதிப் பாடுகிறார்கள். கல்யாணத்துக்கு நாயனம், சாவுக்குப் பறை, ஊர்வலத்துக்கு பேண்ட் செட். இவர்களில் பெரும்பாலோரைப் பற்றி அச்சில் ஒரு வரிகூட வந்ததில்லை.

இந்தக் குறையைத் தீர்க்கப் பெரிய நிறுவனம் எதுவும் வரப்போவதில்லை. இரண்டு மூன்று பேர் சேர்ந்தால் போதும். சுயமாக நின்ற இசை இதழ்கள் எல்லாம் அப்படித்தான் தொடங்கின. 1976ல் லண்டனில் மார்க் பெர்ரி என்ற வங்கி ஊழியர் டைப்ரைட்டரில் அடித்து, ஜெராக்ஸ் எடுத்து, பின் அடித்து விற்ற 'ஸ்னிஃபின் க்ளூ' பங்க் இசையின் முக்கியமான ஆவணமாக நிற்கிறது. சென்னையில் 1983ல் என். பட்டாபிராமன் தொடங்கிய 'ஸ்ருதி' இசைக்கும் நடனத்துக்கும் ஆங்கிலத்தில் ஒரு நம்பகமான குரலைக் கொடுத்தது. 1993ல் அமித் சைகல் 'ராக் ஸ்ட்ரீட் ஜர்னல்' தொடங்கியது மும்பையிலோ டெல்லியிலோ அல்ல, அலகாபாத்தில். இந்திய ராக் குழுக்கள் ஒன்றையொன்று தெரிந்துகொண்டதே அந்தப் பத்திரிகையின் வழியாகத்தான் என்று சொன்னால் மிகையாகாது.

இந்த இதழ்களை ரசிகர்கள் மட்டும் வாங்கவில்லை. பாடுகிறவரும் வாசிக்கிறவரும் தங்கள் வேலைக்குத் தேவை என்று வாங்கினார்கள். இந்த வழிகாட்டி முழுக்க நான் அழுத்திச் சொல்லப்போவது அதைத்தான்: உங்கள் இதழில் பாதி, கலைஞரின் தொழிலுக்கு உதவ வேண்டும். அந்தப் பாதி உறுதியாக இருந்தால் ரசிகருக்கான பாதிக்கும் உயிர் வரும்.

முதல் படி: யாருடைய இதழ் என்று முடிவு செய்யுங்கள்

"எல்லா இசையும்" என்று தொடங்கும் இதழ் இரண்டாம் இதழைத் தாண்டுவது கடினம். எல்லையைச் சின்னதாகப் போடுங்கள். "பெங்களூரிலும் கோலார் தங்கவயலிலும் தமிழில் பாடுகிறவர்கள், தமிழர்களாக இருந்து வாசிக்கிறவர்கள்" என்பது நல்ல எல்லை. கர்நாடக இசை, மெல்லிசை, தேவாலய இசை, கானா, பறை, சுயாதீனக் குழுக்கள் எல்லாம் அதற்குள் அடங்கும். எதை ஒதுக்குவது என்பதும் தெளிவாகிவிடும்: சென்னையில் வெளியாகும் சினிமாப் பாட்டுச் செய்தி உங்களுக்கு வேண்டாம். அதற்கு வேறு ஆயிரம் இடம் இருக்கிறது.

தங்கவயலை வேண்டுமென்றே சேர்க்கிறேன். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடிய பிறகு அங்கிருந்து தினமும் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்கு வருகிறவர்கள் ஏராளம். பாடுகிறவர்களும் அதில் உண்டு. அந்த ஊரின் மேடைகளை எழுதாமல் பெங்களூர்த் தமிழர் இசையை எழுத முடியாது.

எத்தனை மாதத்துக்கு ஒரு இதழ்? மாத இதழ் ஆசை வேண்டாம். காலாண்டிதழ்தான் வேலைக்குப் போகிறவர்களுக்குக் கட்டுப்படியாகும். வருடத்துக்கு நான்கு, அதையும் பெங்களூரின் இசைக் காலங்களை ஒட்டி வையுங்கள். ராமநவமிக்கு முன்பு ஒன்று, ஆடிக்கு முன்பு ஒன்று, விநாயகர் சதுர்த்தி மேடைகளெல்லாம் ஓய்ந்த பிறகு ஒன்று, மார்கழிக்கு ஒன்று.

இரண்டாம் படி: எழுதுவதற்கு முன்பு ஒரு பெயர்ப் பதிவேடு

முதல் இதழின் வடிவமைப்பைப் பற்றி யோசிக்கும் முன்பே செய்ய வேண்டிய வேலை இது. ஒரு பெரிய நோட்டுப் புத்தகம் வாங்குங்கள், அல்லது கணினியில் ஓர் அட்டவணை போடுங்கள். பெயர் (அவர் எழுதுகிறபடி, அதே எழுத்தில்), என்ன வாசிக்கிறார், யாரிடம் கற்றார், எந்தக் குழுவில் இருக்கிறார், எந்தப் பகுதி, தொடர்பு எண், அந்த எண்ணை வெளியிடலாமா கூடாதா என்ற அவரது விருப்பம். கடைசிக் கட்டம் மிக முக்கியம். கேட்காமல் ஒருவரின் எண்ணை அச்சில் போடக் கூடாது.

நேரில் போவதுதான் வழி. தேவாலயப் பாடகர் குழுவுக்குக் கீபோர்ட் வாசித்து நடத்துகிறவரை எல்லோரும் 'மாஸ்டர்' என்றுதான் கூப்பிடுவார்கள். நீங்களும் அப்படியே கூப்பிடுங்கள். நாயனக்காரரிடம் போகும்போது முகூர்த்த நாளில் போகாதீர்கள். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இருக்காது, உட்கார்ந்து பேச நேரம் இருக்கும். மெல்லிசைக் குழுவில் முன்னால் நின்று பாடுகிறவரைப் பார்ப்பது சுலபம், ஆனால் குழுவின் கதை தெரிந்தவர் பெரும்பாலும் ரிதம் பேட் வாசிக்கிறவரோ சவுண்ட்காரரோதான். பத்துக் குழுக்களுக்கு மாறி மாறி வாசித்திருப்பார். எந்தக் குழு எந்த ஆண்டு பிரிந்தது, யார் எந்த ஊருக்குப் போனார் என்பது அவருக்குத் தெரியும்.

வாத்தியம் பழுது பார்ப்பவர்கள், தவிலுக்கும் மிருதங்கத்துக்கும் தோல் கட்டுபவர்கள் ஆகியோரைத் தனிப் பக்கத்தில் எழுதுங்கள். இதழ் வந்ததும் அதிகம் பேர் கிழித்து வைத்துக்கொள்ளப்போவது இந்தப் பட்டியலைத்தான்.

இருநூறு பெயராவது சேர்ந்த பிறகு முதல் இதழுக்கு உட்காருங்கள். அந்த இருநூறு பேர்தான் உங்கள் முதல் வாசகர்கள், முதல் எழுத்தாளர்கள், முதல் விற்பனையாளர்கள்.

மூன்றாம் படி: உள்ளே என்ன இருக்க வேண்டும்

48 பக்கம் போதும். அதில் தலையங்கத்துக்கு ஒரு பக்கத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். மீதியைச் சொல்கிறேன்.

தொழில் பக்கங்களிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் தமிழில் இது எங்குமே இல்லை. ஒரு மெல்லிசைக் குழு மேடை ஏறும்போது அட்வான்ஸ் எவ்வளவு வாங்குவது, மழை பெய்து நிகழ்ச்சி நின்றால் அந்தப் பணம் என்ன ஆகும், சவுண்டுக்கும் வண்டிக்கும் யார் கொடுப்பது? இவை எல்லாமே வாய்ப்பேச்சில் ஓடுகின்றன. ஒரே ஒரு பக்கத்தில், நான்கு வரியில் எழுதக்கூடிய எளிய ஒப்பந்தத் தாள் ஒன்றை மாதிரியாகப் போடுங்கள்: தேதி, இடம், நேரம், மொத்தத் தொகை, முன்பணம், மீதி எப்போது, ரத்தானால் என்ன. கலைஞர்கள் அதை அப்படியே ஜெராக்ஸ் எடுத்துப் பயன்படுத்தட்டும்.

அடுத்து சட்டம் தொடர்பான விளக்கங்கள். ஒவ்வொரு இதழிலும் ஒன்று. எடுத்துக்காட்டாக:

பாட்டு எழுதுகிறவரும் இசையமைக்கிறவரும் 1969ல் தொடங்கிய, உரிமைத்தொகையை வசூலித்துத் தரும் ஐபிஆர்எஸ் அமைப்பில் உறுப்பினராகலாம். 2012ல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம், சினிமாவுக்கு எழுதிய பாட்டானாலும் திரையரங்குக்கு வெளியே அது பயன்படும்போது பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் உரிமைத்தொகையில் பங்கு உண்டு என்கிறது. சொந்தப் பாட்டு வைத்திருக்கும் இளைஞர்களில் பலருக்கு இது தெரிவதில்லை. பாடகர்களுக்கும் வாத்தியக் கலைஞர்களுக்கும் தனியாக, முன்பு இஸ்ரா என்று இருந்த இசாம்ரா அமைப்பு இருக்கிறது.

பழைய பாட்டை மறுபடி பாடிப் பதிவு செய்து வெளியிட நினைக்கிறவருக்கு: உரிமையாளரிடம் நேரடியாக அனுமதி வாங்குவது ஒரு வழி. சட்டத்தின் 31சி பிரிவு தரும் உரிம வழியில் போவதானால், முதல் ஒலிப்பதிவு செய்யப்பட்ட ஆண்டு முடிந்து ஐந்து காலண்டர் ஆண்டுகள் கழிந்திருக்க வேண்டும்.

மேடையில் மற்றவர் பாட்டைப் பாடுவதற்கான உரிமம் யார் பொறுப்பு என்ற கேள்வி எல்லாக் குழுவுக்கும் வரும். அதை ஒப்பந்தத் தாளிலேயே ஏற்பாட்டாளர் பொறுப்பு என்று எழுதிக்கொள்வது நல்லது. உண்மையான மதச் சடங்குக்கும், கல்யாண ஊர்வலம் உள்ளிட்ட திருமண நிகழ்வுகளுக்கும் சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது; 52வது பிரிவில் பாருங்கள். கல்யாணத்துக்கு வாசிக்கும் பேண்ட் செட்காரரை யாராவது மிரட்டினால் காட்டுவதற்கு இந்த ஒரு வரியை அச்சில் வைத்திருப்பது எவ்வளவு உதவி என்று யோசியுங்கள்.

ஒலிபெருக்கிக்கு இரவு 10 முதல் காலை 6 வரை தடை என்பது 2000ஆம் ஆண்டின் விதி. இதைச் செய்தியாக மட்டும் போடாமல், ஏழு மணிக்கு என்று சொல்லி எட்டரைக்கு மேடை தரும் ஏற்பாட்டாளரிடம் எப்படிப் பேசுவது என்று அனுபவமுள்ள குழுத் தலைவர் ஒருவரைக் கேட்டு எழுதுங்கள்.

இனி விமர்சனம். கல்கி 'கர்நாடகம்' என்ற பெயரில் ஆனந்த விகடனில் எழுதிய 'ஆடல் பாடல்' பகுதியைத் தேடிப் படியுங்கள். சங்கீதம் தெரியாதவருக்கும் புரிகிற தமிழில், கச்சேரி செய்தவர் யாராக இருந்தாலும் குறையைக் குறை என்று சொல்லும் துணிவோடு எழுதினார். டெல்லியில் உட்கார்ந்துகொண்டு விமர்சகர் சுப்புடு எழுதியதற்கும் அதே துணிவு இருந்தது. அவருடைய கூர்மை சில நேரம் வேண்டிய அளவுக்கு மேல் போனது என்பது என் அபிப்பிராயம். உள்ளூர்க் கலைஞரை எழுதும்போது அந்த அளவு கடுமை தேவையில்லை, ஆனால் "தேனினும் இனிய குரல்" என்று எழுதுவது அவருக்கு அவமரியாதை. அவர் மூன்று மணி நேரம் பாடியிருக்கிறார். நீங்கள் கேட்டீர்கள் என்பதற்கு அடையாளம் வேண்டாமா?

ஒரு விமர்சனத்தில் இவை கட்டாயம் இருக்கட்டும்: எங்கே, எப்போது, யார் யார் வாசித்தார்கள், ஒருவர்கூட விடுபடாமல். பாடகர் பெயரைப் போட்டு "பக்கவாத்தியக் கலைஞர்களும் சிறப்பாக வாசித்தனர்" என்று முடிக்கிற பழக்கத்தை உங்கள் இதழ் ஒழிக்க வேண்டும். என்ன பாடினார்கள் என்ற வரிசை வேண்டும். அரங்கம் எப்படிக் கேட்டது என்பதும் வேண்டும். மல்லேஸ்வரத்தில் வயலின் வடிவில் 1980ல் எழுந்த சௌடையா மண்டபத்தில் கேட்பதும், 1905 முதல் இயங்கும் பெங்களூர் காயன சமாஜத்தில் கேட்பதும், தெருவில் போட்ட ஷாமியானாவுக்குள் கேட்பதும் ஒன்றல்ல. பாடுகிறவருக்குத் தன் குரலைக் கேட்கவைக்கும் மேடை மானிட்டர் சரியில்லாமல் பாடகர் சுருதி விலகினால் அதை அப்படியே எழுதுங்கள். சவுண்ட்காரருக்கும் அது பாடம்.

பேட்டிக்கு மூன்று விஷயம். ஒலிப்பதிவு செய்யுங்கள், அனுமதி கேட்டுவிட்டு. "உங்களுக்கு இசை ஆர்வம் எப்படி வந்தது?" என்று தொடங்காதீர்கள், "முதன்முதலில் எவ்வளவு சம்பளம் வாங்கினீர்கள்?" என்று கேளுங்கள், கதை தானாக வரும். எழுதி முடித்ததும் பெயர், ஊர், ஆண்டு, குருவின் பெயர் ஆகியவற்றை மட்டும் அவரிடம் வாசித்துக் காட்டிச் சரிபாருங்கள். கட்டுரை முழுவதையும் ஒப்புதலுக்கு அனுப்பத் தேவையில்லை.

பழையதைத் தோண்டும் ஒரு பக்கமும் இருக்கட்டும். திருவையாற்றில் தியாகராஜர் சமாதியைக் கட்டி எழுப்பிய பெங்களூர் நாகரத்தினம்மாளின் பெயரிலேயே இந்த ஊர் இருக்கிறது. ஜே.பி. நகரில் 2019ல் திறந்த இந்திய இசை அனுபவ அருங்காட்சியகத்தில் பழைய வாத்தியங்களையும் பதிவுகளையும் பார்க்கலாம். ஆனால் அங்கே இல்லாதது உங்கள் தெருவில் இருக்கிறது: பழைய ஆர்கெஸ்ட்ரா நோட்டீஸ்கள், லெட்டர் பேடுகள், கேசட் அட்டைகள். வாங்கி வந்து ஸ்கேன் எடுத்துத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

நான்காம் படி: படம், பாட்டு வரி, எழுத்து யாருக்குச் சொந்தம்

விமர்சனத்துக்காகப் பாட்டிலிருந்து சில வரிகளை எடுத்துக்காட்டச் சட்டம் இடம் தருகிறது. முழுப் பாட்டையும் அச்சிட அனுமதி வேண்டும். பாடலாசிரியர் இறந்து 60 ஆண்டு கழிந்த பாட்டுக்கு அனுமதி வேண்டாம். பாரதியார் பாட்டை எந்தத் தயக்கமும் இல்லாமல் போடலாம்.

எழுத்தாளர்களோடும் புகைப்படக்காரர்களோடும் சின்னத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். சம்பளத்துக்கு இல்லாமல் வெளியிலிருந்து எழுதுகிறவரின் கட்டுரை அவருக்கே சொந்தம். உரிமை மாற்றம் எழுத்தில்தான் செல்லும். எத்தனை ஆண்டுக்கு என்று குறிக்காவிட்டால் ஐந்து ஆண்டு என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். புகைப்படத்தில் நேர்மாறு: நீங்கள் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படம், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், உங்களுடையதாகிவிடும். அது நியாயமில்லை என்று நினைக்கிறேன். "முதல் வெளியீட்டு உரிமை மட்டும் இதழுக்கு, மற்றதெல்லாம் எடுத்தவருக்கு" என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். கலைஞரின் உரிமையைப் பற்றி எழுதும் இதழ் தன் வீட்டில் அதைக் கடைப்பிடிக்க வேண்டும்.

பணம் தராத ஏற்பாட்டாளரைப் பற்றி எழுத வேண்டி வந்தால் ஆதாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, எதிர்த்தரப்பைக் கேட்டு, அவர் சொன்னதையும் சேர்த்து எழுதுங்கள். அவதூறு பாரதிய நியாய சன்ஹிதாவின் 356வது பிரிவில் இன்றும் குற்றம்தான்.

ஐந்தாம் படி: பதிவு

பழைய 1867ஆம் ஆண்டுச் சட்டம் போய், 2023ஆம் ஆண்டின் பத்திரிகை மற்றும் பருவ இதழ்கள் பதிவுச் சட்டம் 2024 மார்ச் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. முன்பு ஆர்என்ஐ என்று இருந்த பத்திரிகைப் பதிவாளர் அலுவலகத்துக்கு இப்போது பிஆர்ஜிஐ என்று பெயர். குறித்த இடைவெளியில் அச்சாகி, பொதுச் செய்தியோ அதன் மீதான கருத்தோ தாங்கி வரும் இதழ் இதற்குள் வரும். இதழின் தலைப்புக்கும் பதிவுக்கும் சேர்த்து பிரஸ் சேவா இணையதளத்தில் ஒரே விண்ணப்பம். அது மாவட்ட அதிகாரிக்கும் அங்கிருந்தே போய்விடுகிறது. முன்பு போல மாஜிஸ்திரேட் முன்னால் போய் உறுதிமொழி கொடுக்கும் அலைச்சல் இல்லை.

தலைப்பை யோசிக்கும்போது ஒன்று கவனியுங்கள்: தமிழில் இந்தியாவில் எங்கேயாவது, அல்லது கர்நாடகத்தில் எந்த மொழியிலாவது, அதே பெயரோ அதை ஒத்த பெயரோ ஏற்கெனவே இருந்தால் கிடைக்காது. 'நாதம்', 'சுருதி', 'ராகம்' மாதிரி ஒற்றைச் சொற்களை எல்லா மொழிக்காரர்களும் எப்போதோ எடுத்திருப்பார்கள் என்று வைத்துக்கொண்டு வேறு பெயராக நான்கைந்து வைத்திருங்கள். ஆசிரியர் இந்தியக் குடிமகனாக, இந்தியாவில் வசிப்பவராக இருக்க வேண்டும். அச்சகமும் தன் விவரத்தை இணையத்தில் தெரிவித்திருக்க வேண்டும், எனவே அச்சகம் பிடிக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

தமிழ்ச் சிற்றிதழ் மரபில் "தனிச்சுற்றுக்கு மட்டும்" என்று பின்னட்டையில் போடுவது உண்டு. ஒரே பெயரில், காலாண்டுக்கு ஒன்று என்று விலை போட்டுக் கடையில் விற்கிற இதழுக்கு அந்த இரண்டு சொல்லை நம்பி இருக்காதீர்கள். பதிவு செய்துவிடுவது நிம்மதி. பதிவு வருகிற வரை கைகளைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டாம். ஒரே பொருளில், எடுத்துக்காட்டாக அல்சூர் மெல்லிசைக் குழுக்களின் வரலாறு என்று, ஒரு சிறுநூலாகக் கொண்டுவரலாம். நூலுக்கு ஐஎஸ்பிஎன் என்ற அடையாள எண், மத்தியக் கல்வி அமைச்சகத்தின் கீழ் உள்ள ராஜா ராம்மோகன் ராய் முகமையில் கட்டணமில்லாமல் கிடைக்கும். இதழுக்கான ஐஎஸ்எஸ்என் எண்ணும் கட்டணமில்லாமல் டெல்லியில் தருகிறார்கள்.

ஆறாம் படி: பக்கம் போடுவது

தமிழுக்கு முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். எழுத்தாளர்கள் பாமினி, டாம், டாப் என்று பழைய எழுத்துருவில் தட்டி அனுப்புவதை முதலிலேயே யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் தமிழ் உடைந்து தெரிந்தால், பத்தி அமைப்பில் வேர்ல்ட்-ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுத்தால் சரியாகும். காசு கொடுக்க வேண்டாம் என்றால் ஸ்கிரைபஸ் இருக்கிறது. 2024ல் வந்த 1.6 பதிப்பில் தமிழ் ஒழுங்காக வருகிறது. நோட்டோ செரிஃப் தமிழ், முக்தா மலர், மீரா இனிமை ஆகியவை இலவச எழுத்துருக்கள்.

தமிழ்ச் சொற்கள் நீளமானவை. ஆங்கிலப் பத்திரிகையைப் பார்த்து மூன்று பத்தியாகப் பிரித்தால் "தீரசங்கராபரணத்திலிருந்து" என்ற ஒரு சொல்லே வரியை விழுங்கிவிடும், மற்ற சொற்களுக்கு நடுவே ஓட்டை விழும். டெமி 1/8 என்ற வழக்கமான நூல் அளவுக்கு ஒற்றைப் பத்திதான் அழகு. எழுத்து 10 அல்லது 11 புள்ளி, வரி இடைவெளி 15. மேல் வரி எழுத்தின் கீழ்க் குறியும் கீழ் வரி எழுத்தின் மேல் குறியும் இடித்துக்கொள்ளாமல் இருக்க இந்த இடைவெளி வேண்டும்.

எழுத்துநடைத் தாள் ஒன்று தயார் செய்யுங்கள். மிருதங்கமா ம்ருதங்கமா, கிதாரா கிட்டாரா, பெங்களூரா பெங்களூருவா, நாயனமா நாதஸ்வரமா நாகஸ்வரமா? எதை எடுத்தாலும் இதழ் முழுக்க ஒன்றாக இருக்கட்டும். கலைஞரின் பெயருக்கு மட்டும் விதிவிலக்கு: அவர் எழுதுவதுபோலத்தான்.

மெய்ப்பு பார்க்கும்போது, கட்டுரையைப் படிக்கிற ஆள் வேறு, பெயர்களையும் எண்களையும் மட்டும் பதிவேட்டோடு ஒப்பிடுகிற ஆள் வேறு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஏழாம் படி: அச்சு

300 பிரதிக்குள் என்றால் டிஜிட்டல், 500ஐத் தாண்டினால் ஆஃப்செட் என்பது பொதுக் கணக்கு; இரண்டுக்கும் விலை கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். சுல்தான்பேட்டை, அவென்யூ சாலை பக்கம் காகிதக் கடைகளும் அச்சுக்காரர்களும் அடுத்தடுத்து இருக்கிறார்கள், தமிழிலேயே பேசி முடிக்கலாம். மூன்று இடத்திலாவது எழுத்தில் விலை வாங்குங்கள்.

கேட்க வேண்டியதைத் தெளிவாகக் கேளுங்கள்: டெமி 1/8, உள்ளே 48 பக்கம் கறுப்பு வெள்ளை, 70 அல்லது 80 ஜிஎஸ்எம் (காகிதக் கன அளவு) மேப்லித்தோ காகிதம், ரேப்பர் (மேலட்டை) நான்கு பக்கம் கலர், 220 ஜிஎஸ்எம் ஆர்ட் கார்டு, நடுவில் இரண்டு பின். பின் அடிக்கும் இதழின் பக்க எண்ணிக்கை நான்கால் வகுபட வேண்டும். ஆஃப்செட்டில் ஒரு ஃபாரம் 16 பக்கம் என்பதால் 48 என்பது மூன்று ஃபாரம், காகிதம் வீணாகாது. படங்கள் 300 டிபிஐ, ஓரத்தில் 3 மில்லிமீட்டர் கூடுதல், உள்பக்க எழுத்து முழுக் கறுப்பில் மட்டும். மேடை விளக்கில் எடுத்த படங்கள் மேப்லித்தோவில் இன்னும் இருண்டு விழும், கொஞ்சம் வெளுப்பாகவே கொடுங்கள். மொத்தமும் ஓடுவதற்கு முன் ஒரு டம்மி பிரதியைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தாக வேண்டும்.

எட்டாம் படி: பணம்

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். தொகைகள் மாதிரிக்குத்தான், உங்களுக்கு வந்த விலையை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். 300 பிரதி. அச்சுக்கு 18,000, எழுத்துக்கும் படத்துக்கும் 9,000, போக்குவரத்து இதர செலவு 3,000. மொத்தம் 30,000, பிரதிக்கு 100 ரூபாய். இதில் பேட்டி கொடுத்தவர்கள், நூலகங்கள், விமர்சகர்கள் என்று 40 பிரதி இலவசமாகப் போகும். விற்க 260. விலை 150 என்று வையுங்கள். கடைக்காரர் கழிவு 35 சதம் என்றால் கையில் வருவது 97 ரூபாய் 50 காசு. பாதி கடையிலும் பாதி நேரடியாகவும் விற்றால் 32,175. இது எல்லாம் விற்றுத் தீர்ந்தால். பத்தில் ஏழு விற்றது என்றால் சுமார் 22,500தான். ஏழாயிரத்து ஐநூறு துண்டு விழும்.

அந்தத் துண்டை நிரப்பத்தான் விளம்பரமும் சந்தாவும். வாத்தியக் கடை, இசைப் பள்ளி, சவுண்ட் வாடகைக்காரர், ஒலிப்பதிவுக் கூடம் ஆகியோரிடம் கேளுங்கள். உங்கள் வாசகர்கள்தான் அவர்களுடைய வாடிக்கையாளர்கள் என்பதால் கூச்சப்பட ஒன்றுமில்லை. விளம்பரம் கொடுத்தவருடைய கச்சேரிக்கும் மற்றவருக்கும் ஒரே அளவுகோல் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். கட்டணம் வாங்கி எழுதிய எதற்கும் மேலே 'விளம்பரம்' என்று போடுங்கள். இதழ் விற்பனைக்கு ஜிஎஸ்டி இல்லை. அச்சு விளம்பர இடத்துக்கு 5 சதம் உண்டு, ஆனால் ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் இருக்கிற வரை பொதுவாகப் பதிவு தேவைப்படாது. கணக்காளரை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

செலவைக் குறைக்க எழுதுகிறவர்களுக்கான 9,000த்தில் கை வைக்காதீர்கள். பக்கத்தைக் குறையுங்கள், கலர் அட்டையை விட்டுவிடுங்கள். "இதழில் பெயர் வரும், அதுவே போதும்" என்று மேடைக் கலைஞரிடம் ஏற்பாட்டாளர் பேசும் பேச்சை நீங்கள் எழுத்தாளரிடம் பேசக் கூடாது. பிரிட்டனில் 1982ல் தொடங்கிய 'தி வயர்' இதழை அதன் ஊழியர்களே வாங்கி, இன்றும் தாங்களே நடத்துகிறார்கள். இதழ் உழைப்பவர்களுக்கு நம்முடையது என்று தோன்ற வேண்டும்.

ஒன்பதாம் படி: விற்பது, அனுப்புவது

முதலில் மேடை. நிகழ்ச்சி நடக்கும் இடத்தில், அனுமதி கேட்டு, வாசலில் ஒரு ஸ்டூலும் யுபிஐ அட்டையும் போதும். அடுத்து அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில் உள்ள பெங்களூர்த் தமிழ்ச் சங்கம். அங்கே நிகழ்ச்சிகளுக்கு வருகிறவர்கள் தமிழ் படிக்கிறவர்கள், நூலகமும் இருக்கிறது. வாத்தியக் கடை, பாட்டு வகுப்பு, வழிபாடு முடிந்த பிறகு தேவாலய வளாகம். சர்ச் தெருப் புத்தகக் கடைகளிலும் கேட்டுப் பாருங்கள், ஆனால் தமிழ் படிக்கும் வாடிக்கையாளர் அங்கே குறைவு என்பதால் ஐந்து பிரதிக்கு மேல் வைக்காதீர்கள். ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சியில் சிற்றிதழ் விற்கும் அரங்குகளுக்கு முன்கூட்டியே பேசி அனுப்பலாம். கடையில் வைக்கும் பிரதிக்கு ரசீது வாங்கி, அடுத்த இதழ் கொடுக்கும்போது பழையதைக் கணக்குத் தீர்த்துவிடுங்கள்.

தபாலில் கவனம் வேண்டும். பதிவுபெற்ற செய்தித்தாள்களுக்கான சலுகைக் கட்டணம் பழைய அஞ்சல் சட்டப்படியே 31 நாளுக்கு மேல் இடைவெளி விடாத இதழ்களுக்குத்தான். காலாண்டிதழ் அதை நம்பித் திட்டமிட முடியாது. 2025 மே மாதம் வந்த ஞான் போஸ்ட் என்ற அஞ்சல் சேவை நூல்களுக்கானது, பருவ இதழ்கள் அதில் சேராது. 2025ல் பதிவுத் தபாலும் ஸ்பீட் போஸ்டோடு இணைந்துவிட்டது. எனவே வெளியூர்ச் சந்தாவில் அஞ்சல் செலவைத் தனியாகக் காட்டி வாங்கிவிடுங்கள். ஒரே தெருவில் பத்து சந்தாதாரர் இருந்தால், அங்கே இருக்கும் ஒரு கலைஞர் வீட்டில் கட்டாகக் கொடுத்து வாங்கிக்கொள்ளச் சொல்லலாம்.

பத்தாம் படி: இதழ் வந்த பிறகு

ஒரு வாரத்துக்குள் பேட்டி கொடுத்த ஒவ்வொருவர் வீட்டுக்கும் பிரதி போய்ச் சேர வேண்டும். பிழை இருந்தால் சொல்வார்கள். அடுத்த இதழின் இரண்டாம் பக்கத்தில், மறைக்காமல், 'திருத்தம்' என்று கட்டம் கட்டிப் போடுங்கள். பதிவேட்டிலும் அன்றே திருத்துங்கள்.

பிறகு சேமிப்பு. 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாரா, மும்பை, டெல்லி பொது நூலகங்களுக்கும் பதிப்பாளர் செலவிலேயே பிரதி அனுப்ப வேண்டும். சட்டம் கேட்காவிட்டாலும் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு ஒன்றும் தமிழ்ச் சங்க நூலகத்துக்கு ஒன்றும் கொடுங்கள். பேட்டிகளின் ஒலிப்பதிவை இரண்டு வேறு வட்டுகளில், இரண்டு வேறு வீடுகளில் வையுங்கள். கோப்பின் பெயரில் கலைஞர் பெயர், தேதி, இடம் மூன்றும் இருக்கட்டும். பக்கங்களின் பிடிஎஃப் கோப்போடு யூனிகோடு மூலத்தையும் சேர்த்துப் பாதுகாத்தால் பின்னால் யாரும் பெயர் போட்டுத் தேடி எடுக்க முடியும். இது முடிந்த அன்றே அடுத்த இதழின் கட்டுரைக் கெடு தேதியை எல்லோருக்கும் அனுப்பிவிடுங்கள்.